தம்பி ஷார்ஜாவில் இருக்கிறான்

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்று முதலில் சொன்ன ஆளைப் பிடித்து நிறுத்தி நாலு கேள்வி கேட்க வேண்டும். ஷஹனாஸ் சொன்னது ஒரே ஒரு பொய். அதைக் கட்டிக் காப்பதற்குள் அவளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, கே.கே. நகர் வீட்டு ஹாலில் மாப்பிள்ளையின் அத்தா முஜிபுர் ரஹ்மான் சாதாரணமாகத்தான் கேட்டார். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தைந்து வருஷம் ரயில் பெட்டிகளோடு மல்லுக்கட்டி ரிட்டயர் ஆனவர். சம்மட்டிச் சத்தத்துக்கு மேலே பேசியே பழகிய குரல், வீட்டுக்குள்ளும் இறங்காது.

"ஏம்மா, பொண்ணுக்கு அத்தா மவுத்தாயிட்டாருன்னு சொன்னாங்க. தாய்மாமன் யாராச்சும் இருக்காங்களா?"

"ஒரே தம்பிங்க. ஷார்ஜால இருக்கான்."

யோசித்துச் சொன்னதில்லை. வாய் முந்திக்கொண்டது. டீ கிளாஸ்களை எடுக்க வந்த மகள் சம்ரீன் ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டு, பிறகு உள்ளே போனாள். அந்த நொடியை வேறு யாரும் கவனிக்கவில்லை. ஷஹனாஸ் கவனித்தாள்.

தம்பி நஸ்ருல்லா அந்த நேரத்தில் காவிரிக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கம் தெற்கு வாசலை ஒட்டிய ஒரு ஆன்லைன் சென்டரில் உட்கார்ந்து யாரோ ஒரு பெரியவருக்கு ஆதாரில் பிறந்த தேதி திருத்திக்கொண்டிருந்தான். ரெண்டு பஸ் மாறினால் ஒரு மணி நேரத்தில் வந்து சேர்கிற தூரம். பொய்க்குக் கால் கிடையாது என்பார்கள். இந்தப் பொய்க்குப் பழைய பாஸ்போர்ட்டே இருந்தது. நிஜமாகவே நாலு வருஷம் ஷார்ஜாவில் வேலை பார்த்தவன்தான் நஸ்ருல்லா. அங்கேதான் முதல் தடவை வந்தது. ஒரு வாரம் தூங்காமல், சாப்பிடாமல், பேசிக்கொண்டே இருந்தவனை, ரூம் நண்பன் ஜூட் கையைப் பிடித்துத் திருச்சிக்கு விமானம் ஏற்றிவிட்டான். அது நடந்து பதினோரு வருஷம் ஆகிறது.

டாக்டர் அதற்கு 'பைபோலார்' என்று பெயர் சொன்னார். வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. 'ஏறிடுச்சு', 'இறங்கிடுச்சு', அவ்வளவுதான். ஏறிவிட்டால் ஊரிலேயே அவனைப் போலக் கெட்டிக்காரன் கிடையாது. இறங்கிவிட்டால் பல் தேய்க்கக்கூட எழுந்திருக்க மாட்டான். "நானும் நம்ம காவிரிதான்க்கா. ஆடியில கரை கொள்ளாது, சித்திரையில ஆடு மேயும்" என்று, உடம்பு சரியாக இருக்கும் நாட்களில், அவனே சொல்லிச் சிரிப்பான்.

ஷஹனாஸுக்குச் சிரிப்பு வராது. பாலக்கரையில் குடியிருந்தபோது நடந்தது அவளால் மறக்க முடியாதது. சம்ரீன் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். நஸ்ருல்லாவுக்கு ஏறியிருந்தது. நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு, தெருத்தெருவாக, வீடு வீடாகப் போய், "ஞாயித்துக்கிழமை எங்க சம்ரீனுக்கு நிக்காஹ், குடும்பத்தோட வந்துடணும்" என்று கூப்பிட்டுவிட்டு வந்திருக்கிறான். அவன் கூப்பிட்ட விதத்தில் அவ்வளவு பாசம். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூட்டிய மண்டபத்தின் முன்னால் பட்டும் அத்தருமாக அறுபது எழுபது பேர் நின்றார்கள். சிலர் கோபத்தோடு வீட்டுக்கே வந்தார்கள். சிலர் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு போனார்கள். சிரித்தவர்களைத்தான் ஷஹனாஸால் மன்னிக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சம்ரீனை 'கல்யாணப் பொண்ணு' என்று கூப்பிட ஆரம்பித்ததும், வீட்டைக் காலி செய்துகொண்டு ஊரின் மறுகோடிக்கு, ஏர்போர்ட் பக்கம் வந்துவிட்டாள். புருஷன் போனபோதுகூட அவள் அந்தத் தெருவை விட்டு வரவில்லை.

அவள் வேலை பார்ப்பது தில்லை நகரில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் ரிசப்ஷனில். தம்பியைக் காட்டும் டாக்டரின் கிளினிக் அங்கிருந்து ரெண்டு கிராஸ் தள்ளி. வேலைக்கு வெறும் முக்காட்டோடு போகிறவள், தம்பியை அழைத்துப் போகும் நாளில் மட்டும் கண் தவிர எல்லாம் மூடிய கறுப்பு புர்கா போட்டுக்கொள்வாள். தெரிந்தவர் கண்ணில் படக் கூடாதே! "அல்லாஹ்வுக்குப் பயந்து போட வேண்டியதை எங்கக்கா டாக்டருக்குப் பயந்து போடுது" என்பான் நஸ்ருல்லா. சொல்லிவிட்டு, அவள் முகம் மாறுவதைப் பார்த்து, உடனே பேச்சை மாற்றிவிடுவான்.

இத்தனைக்கும் ஆறு வருஷமாக அவனுக்கு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. லித்தியம் மாத்திரை ஒரு வேளை தவறினதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை. பத்து மணிக்குப் படுக்கை. ஸ்ரீரங்கத்தில் வேலை கிடைத்ததும், "அக்கா, நான் அங்கேயே ஒரு ரூம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம்டா, இங்கேயே இரு என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டிருப்பான். "சரிடா, உனக்கும் அலைச்சல் மிச்சம்" என்றாள். எவ்வளவு சீக்கிரம் சொன்னாள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு முகம் சுடும்.

சரி, பெண் பார்க்க வந்த கதைக்கு வருவோம். 'ஷார்ஜா' என்ற சொல் காதில் விழுந்ததும் மாப்பிள்ளையின் அண்ணன் மீரான் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஷார்ஜாவாக்கா? அட, நானும் அங்கதாங்க இருக்கேன்! லீவுல வந்திருக்கேன். மாமா எந்த ஏரியா?"

"ரோலா..." என்றாள். பதினோரு வருஷத்துக்கு முந்தைய விலாசம்.

"ரோலான்னா நம்ம ரூம்லேர்ந்து பத்து நிமிஷம்! வர்ற புதன்கிழமை நான் கிளம்பறேன். மாமாவுக்கு என்ன குடுக்கணுமோ குடுங்க. மூணு கிலோவா இருந்தாலும் சரி, கையிலயே சேர்த்துடறேன்."

திருச்சியில் இதற்கு மறுபேச்சு கிடையாது. வளைகுடாவுக்குக் கிளம்புகிறவன் பெட்டியில் அடுத்த வீட்டு ஊறுகாய்க்கு இடமில்லை என்று சொன்னால் அவன் மனுஷனே இல்லை. இடம் இருக்கிறது என்று ஒருவன் சொன்ன பிறகும் கொடுத்துவிட ஒன்றும் இல்லை என்றால், அப்புறம் அவள் என்ன அக்கா? சம்பந்திகள் அத்தனை பேரும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குடுக்கறேன் தம்பி, அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.

மறுநாளே ஸ்ரீரங்கம் போனாள். சென்டரில் மத்தியானக் கூட்டம் ஓய்ந்திருந்தது. பக்கத்து டீக்கடை பெஞ்சில் தம்பியை உட்கார வைத்து, தலையைக் குனிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னாள். நஸ்ருல்லா முதலில் முழித்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மறுபடியும் என்னை கல்ஃபுக்கு அனுப்பிட்டியாக்கா? விசாவாச்சும் நல்ல விசாவா?"

"வெளையாடாதடா. வர்ற புதன்கிழமை அந்தப் பையன் கிளம்பறான்."

"ஒண்ணும் கலங்காதே. ஜூட் இன்னும் ரோலாலதான இருக்கான். நான் டூட்டிக்குப் போயிருக்கேன், ரூம்மேட்டுன்னு சொல்லி அவன் வாங்கிக்குவான். கருவாடு வை, ஜூட்டுக்குப் பிடிக்கும். அச்சுமுறுக்கு எனக்கு இங்க தனியா குடுத்துடு."

அங்கேயே ஜூட்டுக்கு போன் போட்டுப் பேசி முடித்தான். சென்டருக்குள் போய்ப் பெரிய எழுத்தில் தன் பெயர், ஷார்ஜா விலாசம், போன் நம்பர் எல்லாம் அடித்து, பார்சல் மேல் ஒட்டுவதற்கு நாலு பிரதி எடுத்துக் கொடுத்தான். ஊரார் விண்ணப்பங்களை நிரப்புகிற அதே அக்கறை. ஒரு எழுத்துப் பிழை கிடையாது. அவன் கோபித்துக்கொண்டிருந்தால் ஷஹனாஸ் தாங்கியிருப்பாள். அந்த நாலு தாளை வாங்கிக் கைப்பையில் வைக்கும்போதுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது. எதிரே நின்றவனின் விலாசம் ஷார்ஜா என்று இருந்தது.

பார்சல் போய்ச் சேர்ந்தது. நிக்காஹுக்குத் தேதி குறித்தபோது, தம்பிக்கு லீவு கிடைக்காது என்றும் சம்பந்திகளிடம் ஷஹனாஸ் சொல்லி வைத்திருந்தாள். மீரான் சும்மா இருக்கிற ஆளா? மாமாவை நேரில் பார்க்க முடியவில்லையே என்று வாட்ஸாப்பில் கூப்பிட்டுவிட்டான். நல்ல வேளை, கல்ஃபில் இருக்கிற பாதிப் பேர் ஊர் நம்பரைத்தான் வாட்ஸாப்புக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் ஸ்ரீரங்கம் ஸ்ரீரங்கம்தானே! பேசிக்கொண்டிருக்கும்போதே வீதியில் ஏதோ புறப்பாடு, நாயனம் வெளுத்து வாங்குகிறது.

"என்ன மாமா, நாயனம் கேக்குது?"

"பக்கத்து ரூம்ல தஞ்சாவூர்க்காரங்க. டிவி வெச்சா இப்படித்தான் தம்பி" என்று சமாளித்திருக்கிறான் நஸ்ருல்லா.

இதை அக்காவுக்கு போனில் சொல்லி அவன் சிரிக்க, அவளும் கொஞ்சம் சிரித்தாள். வெகு நாள் கழித்து ரெண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். ஆனால் அந்தப் பேச்சில் ஒன்றை அவன் சொல்லாமல் விட்டிருந்தான். அது நாலு நாள் கழித்து முஜிபுர் ரஹ்மான் வாயால் வந்தது.

"ஏம்மா தங்கச்சி, இது நல்லாவா இருக்கு? தம்பிக்கு லீவு கிடைக்காதுன்னு எங்ககிட்ட சொன்னீங்க. மீரான் கேட்டதுக்கு, லீவெல்லாம் பிரச்சினை இல்ல, அக்கா கூப்பிட்டா வருவேன்னு சொல்லியிருக்காரு. கூடப்பொறந்த தம்பியை நீங்க கூப்பிடவே இல்லையாமே?"

அப்போதாவது ஷஹனாஸ் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதைவிடக் கேவலமான ஒன்றைச் சொன்னாள்.

"அவனுக்கும் எனக்கும் ஒரு சின்ன மனஸ்தாபம்ணே. அத்தா சொத்து விஷயம்... கொஞ்சம் பேச்சு முத்திடுச்சு."

அத்தாவுக்குச் சொத்தே கிடையாது. தம்பி ஜென்மத்தில் அவளிடம் ஒன்று கேட்டுச் சண்டை போட்டதும் கிடையாது. நோயாளி என்று சொல்லக் கூசிய நாக்கு, சண்டைக்காரன் என்று சொல்லக் கொஞ்சமும் கூசவில்லை.

"அதானே பார்த்தேன்! ரத்த உறவை முறிக்கிறது எவ்வளவு பெரிய பாவம் தெரியுமா? நீங்க கூப்பிடுங்க. வர்ற அன்னைக்கு நானே ஏர்போர்ட்டுக்கு வந்து, அவரு கையைப் பிடிச்சு உங்க கையில குடுக்கறேன். தாய்மாமன் சபையில இல்லாம என்ன நிக்காஹ்? எந்த ஃப்ளைட்டுன்னு மட்டும் சொல்லுங்க."

மாலையே ஸ்ரீரங்கம் ஓடினாள். சென்டரின் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தவனைத் தெருவென்றும் பார்க்காமல் பிடித்துக்கொண்டாள்.

"லீவு கிடைக்காதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னடா? ஏன் அப்படிச் சொன்னே?"

நஸ்ருல்லா பூட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியைப் பையில் போட்டான்.

"மத்ததெல்லாம் சொல்லிட்டேன்க்கா. அது மட்டும் வாயில வரல."

அந்த இடத்தில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? தம்பி வரட்டும். ஆனால் ஷார்ஜாவிலிருந்தே வரட்டும். வியாழக்கிழமை காலை ஷார்ஜா விமானம் இறங்கும் நேரத்துக்கு, ஒரு பெட்டியோடு, ஒரு டிராலியைத் தள்ளிக்கொண்டு, வருகிற கூட்டத்தோடு கூட்டமாக அவன் கலந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

"நல்லா கேட்டுக்க. ஆளுங்க வெளிய வர்ற வரைக்கும் எங்க கண்ணுல படாதே. அதுக்கு முன்னாடி யாரு என்ன கேட்டாலும், எங்களைத் தெரியாதுன்னு சொல்லிடு. என்னையும்தான்."

"சரிக்கா. நிக்காஹ் முடியற வரைக்கும் வீட்டுல தங்கலாம்ல?"

அதைக் கேட்டபோது அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் அவளை என்னவோ செய்தது. "தங்காம எங்க போவே?" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

சம்ரீன் இதைக் கேட்டதும் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தாள். எம்.காம். படித்த பெண், அதிகம் பேச மாட்டாள், பேசினால் தைக்கும்.

"அம்மா, அன்னைக்கு இல்லாத கல்யாணத்துக்கு மாமா ஊரையே கூப்பிட்டாரு. இன்னைக்கு இருக்கிற கல்யாணத்துக்கு அவரை நீங்க திருட்டுத்தனமா கொண்டு வரீங்க. இதுல யாருக்கும்மா உடம்பு சரியில்ல?"

"உனக்காகத்தாண்டி எல்லாம்!"

"எனக்காகன்னு சொல்லாதீங்க. நான் கேக்கல."

வியாழக்கிழமை. முஜிபுர் ரஹ்மானும் அவர் மனைவியும் ஒரு வேன் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். 'வெறும் வயித்துல இறங்குவாரு' என்று பிளாஸ்க் நிறையத் துறையூர் எருமைப்பால் டீ. சம்ரீன் வர மாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். ஏர்போர்ட் வாசலில் வழக்கம்போலக் குடும்பம் குடும்பமாக ஜனம். வாப்பாவை முதல் தடவையாகப் பார்க்கப் போகிற கைக்குழந்தைகள், புதுச் சேலைகள், திருவிழாக் கூட்டம்தான். அப்போதுதான் பலகையைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர் சொன்னார்: ஷார்ஜா விமானம் ரெண்டரை மணி நேரம் தாமதமாம்.

"அடடா, பாவம் மாமா. இன்னும் அங்கேயே உக்காந்திருப்பாரு" என்றார் முஜிபுர் ரஹ்மான்.

மாமா ஐம்பதடி தூரத்தில், வெயிலில் நின்றுகொண்டிருந்தார். கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில், வெள்ளைச் சட்டை, இன் பண்ணிய பேண்ட், காலில் புது ஷூ. டிராலி மேல் கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டி. அதன் மேல் கொட்டை எழுத்தில் 'ஷார்ஜா - திருச்சி'. ஷஹனாஸ் பார்த்துவிட்டாள். அவனும் பார்த்தான். பார்த்ததும் சொன்ன சொல் தவறாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நிழலில் நிற்க வேண்டுமானால் இவர்கள் இருக்கும் பக்கம்தான் வர வேண்டும். கண்ணில் படாதே என்று சொன்னது அவள்தானே?

ஒரு மணி நேரம் போயிற்று. லித்தியம் சாப்பிடுகிறவர்கள் வெயிலில் தண்ணீர் இல்லாமல் நிற்கவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவன் கொண்டுவந்திருந்த பாட்டில் காலியாகியிருந்தது. அதைக் கவிழ்த்துக் கவிழ்த்துக் குடிப்பது தெரிந்தது. ஷஹனாஸின் பையில் ரெண்டு பாட்டில் தண்ணீர் இருந்தது. ஒன்றைத் திறந்து சம்பந்தியம்மாவுக்குக் கொடுத்தாள். இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய்க் கொடுக்க எவ்வளவு நேரமாகும்? முப்பது எட்டு எடுத்து வைத்தால் போதும். பெற்ற மகளுக்காகப் பொறுத்துக்கொள்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய் என்றும் அவளுக்குத் தெரிந்தது. பாலக்கரையில் சிரித்தார்களே, அந்தச் சிரிப்புக்குத்தான் இன்னும் பயந்துகொண்டிருந்தாள்.

முஜிபுர் ரஹ்மான் எல்லோருக்கும் டீ ஊற்றினார். "போதும் போதும், மாமாவுக்கு இருக்கட்டும்" என்று பிளாஸ்க்கை இறுக மூடினார்.

இன்னும் அரை மணி. நஸ்ருல்லா பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான். கைகள் நடுங்குவது இங்கிருந்தே தெரிந்தது. அப்போதுதான் ஒரு போலீஸ்காரர் அவனிடம் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஏர்போர்ட் வாசலில் ஒரு ஆள் பெட்டியும் கையுமாக உள்ளேயும் போகாமல், யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தால் கேட்கத்தான் செய்வார்கள்.

"யாருப்பா நீ? காலைலேர்ந்து பார்க்கறேன். டிக்கெட் இருக்கா?"

"இல்ல சார்."

"யாரையாச்சும் கூட்டிட்டுப் போக வந்தியா?"

"இல்ல சார்."

"ஷார்ஜா திருச்சின்னு எழுதியிருக்கே. ஃப்ளைட்டே இன்னும் வரலியே! பெட்டியைப் பிரி."

கூட்டம் கூடிவிட்டது. முஜிபுர் ரஹ்மானும் மனைவியும் எழுந்து போய்ப் பார்த்தார்கள். ஷஹனாஸும் அவர்கள் பின்னாலேயே போய் நின்றாள். கயிறு அவிழ்ந்தது. உள்ளே கட்டுக் கட்டாக வெள்ளை ஜெராக்ஸ் பேப்பர். தூக்கிப் பார்க்கிறவர்களுக்குக் கனம் தெரிய வேண்டும் என்று சென்டரிலிருந்து எடுத்து அடுக்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

"வெறும் பேப்பருங்க!" என்று யாரோ சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதே சிரிப்பு.

"மெண்டல் போலருக்கு. யாரு பெத்த புள்ளையோ" என்று முஜிபுர் ரஹ்மான் உச்சுக் கொட்டினார்.

"வீட்டு ஆளுங்கன்னு ஒருத்தர் இருப்பாங்கல்ல?" என்றார் சம்பந்தியம்மா. "இப்படி வெயில்ல விட்டுட்டு எங்க போனாங்க?"

ஷஹனாஸ் அவர் பக்கத்திலேயே, அவர் தோள் உரசத்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"வீட்டு நம்பர் குடுப்பா. யாரு இருக்கா உனக்கு?" என்றார் போலீஸ்காரர்.

"யாரும் இல்ல சார்."

"யாருமேவா?"

"யாரும் இல்ல சார். நான் கிளம்பிடறேன்."

அதற்குப் பிறகும் அவள் கால் எழவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று பின்னால் யார் கேட்டாலும் அவளால் சொல்ல முடிந்ததில்லை. போலீஸ்காரர் அவன் தோளில் கை வைத்து, "சரி, வா, ஸ்டேஷன்ல வந்து சொல்லு" என்று எழுப்பினார். எழுந்தவன் தடுமாறி டிராலியைப் பிடித்துக்கொண்டான். அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள்.

"சார், விடுங்க. இவன் என் தம்பி."

போலீஸ்காரர் திரும்பினார். முஜிபுர் ரஹ்மான் திரும்பினார். நஸ்ருல்லா மட்டும் அவளைப் பார்க்கவில்லை.

"இல்ல சார்" என்றான். நாக்கு வறண்டு வார்த்தை ஒட்டிக்கொண்டு வந்தது. "இந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாது. பாவம், வேற யாரையோ நெனச்சு சொல்றாங்க."

அல்லாஹ்! அந்த இடத்திலேயே தரை பிளந்து தன்னை வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது அவளுக்கு. பன்னிரண்டு வருஷமாக ஆஸ்பத்திரி ஹாலில் நோயாளிகளின் பெயரைக் கூவிக் கூப்பிடுகிற குரல் அவளுடையது. அந்தக் குரலில், வாசல் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"என் தம்பிதான் சார். பேரு நஸ்ருல்லா. ஸ்ரீரங்கத்துல வேலை பார்க்கறான், அங்கேர்ந்துதான் பஸ் ஏறி வந்தான். ஷார்ஜாவும் இல்ல ஒண்ணும் இல்ல. பைபோலார்னு ஒரு வியாதி இருக்கு. ஆறு வருஷமா ஒரு மாத்திரை தவறாம நல்லா இருக்கான். மறைக்கணும்னு நெனச்சு பொய் சொன்னது நான். இந்தப் பெட்டியோட இவனை இங்க நிக்க வெச்சது நான். என்னைத் தெரியாதுன்னு சொல்லச் சொன்னதும் நான்தான்." பிறகு முஜிபுர் ரஹ்மானைப் பார்த்து, "சொத்துச் சண்டையும் பொய்ண்ணே. எங்க அத்தா ஒரு குழி நிலம்கூட விட்டுட்டுப் போகல" என்றாள்.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மாமாவுக்கென்று வைத்திருந்த பிளாஸ்க் முஜிபுர் ரஹ்மான் கையிலேயே இருந்தது. அவர் அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பெட்டிக்குள் இருந்த பேப்பரைப் பார்த்தார்.

"அப்ப மீரான் பார்சல் குடுத்தது யாருகிட்ட?" என்றார்.

"இவனோட பழைய ரூம்மேட்டுகிட்டண்ணே."

"மொதல்ல இதை முடிங்க. அப்புறம் நாம பேசணும்மா" என்றார் முஜிபுர் ரஹ்மான். அந்தப் 'பேசணும்' எந்தப் பக்கம் போகும் என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. அவர் மனைவி தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வேன் பக்கம் நடந்தார். ஷஹனாஸ் தண்ணீர் பாட்டிலைத் திறந்து தம்பி கையில் கொடுத்தாள். அவன் வாங்கவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

போலீஸ்காரர் நோட்டைத் திறந்து பேனாவை உதறினார். "அவங்க தம்பிங்கறாங்க, நீ தெரியாதுங்கறே. நான் எதைப்பா எழுதறது? நீயே சொல்லு. இவங்க உனக்கு யாரு?"

நஸ்ருல்லா முதலில் முஜிபுர் ரஹ்மானைப் பார்த்தான். பிறகு தூரத்தில் வேனைப் பார்த்தான். கடைசியில் அவள் பக்கம் திரும்பி, மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"சொல்லலாமாக்கா?"